ரேஸ் இறங்காத கார்: காற்று எந்த வழியாகப் போகிறது?

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் சிவப்பு விழுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாச்சு, ஆனால் எஞ்சின் அடங்காமல் உறுமிக்கொண்டே நிற்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த என் பழைய மூன்று சிலிண்டர் 796 சிசி காருக்குப் போன மாதம் வந்த கோளாறு இது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, நிமிடத்துக்கு 850 சுற்றில் நிற்க வேண்டியது, 1,400க்குக் கீழே இறங்கவே இல்லை. முதலில் காட்டிய இடத்தில் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்தினார்கள். குறையவில்லை. இன்னும் தளர்த்தினார்கள். ஸ்க்ரூவின் நுனி, காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டிலின் லிவரை விட்டு விலகியே வந்துவிட்டது. ரேஸ், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் அல்சூரில் இருபது வருடமாகப் பழைய வண்டிகளைப் பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். பானெட்டைத் திறந்ததும் அவர் சொன்னது: "ஸ்க்ரூவைத் தொட வேணாம் சார். முதல்ல காத்து எந்த வழியா போகுதுன்னு பார்ப்போம்."

அந்த ஒரு வாக்கியத்தில் முழு அறிவியலும் இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். அதனால் ஐடிலில் வேகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் காற்றின் அளவுதான். நாம் காலை எடுத்ததும் திராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. ஓரத்தில் மெல்லிய இடுக்கு மட்டும் மிஞ்சும். அந்த இடுக்கை அகலப்படுத்துவதும் குறுக்குவதும்தான் ஐடில் ஸ்க்ரூவின் வேலை.

பிஸ்டன்கள் இழுக்க இழுக்க, தட்டுக்குக் கீழே, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. கடல் மட்டத்தில் உள்ள ஊரில் நல்ல எஞ்சின் ஐடிலில் 18 முதல் 20 அங்குலப் பாதரச வெற்றிடம் காட்டும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே மூன்று அங்குலம் போல் குறைவாகத்தான் வரும். சென்னைக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வெற்றிடத்தை அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தால், நல்ல எஞ்சினையே நோயாளி என்று நினைத்துவிடுவோம்.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உள்ளே உள்ள அழுத்தம் வெளியே உள்ளதில் ஏறக்குறைய 53 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், இடுக்கில் பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதன் பிறகு உள்ளே எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதல் காற்று வராது. துளையின் பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வரும். ஐடிலில் எஞ்சின் இருப்பது இந்த நிலையில்தான். ஆகவே எங்கோ ஒரு சின்ன ஓட்டை இருந்தால், அதுவும் ஒலி வேகத்தில் காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எஞ்சினுக்கு ஐடிலில் நிமிடத்துக்கு 140 லிட்டர் போல் காற்று போதும். வெறும் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே 70 லிட்டரை உள்ளே விட்டுவிடும். பாதி! ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினால் என்ன?

சரி, எங்கே தேடுவது? ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா, ரிட்டர்ன் ஸ்பிரிங் தட்டை முழுதாக இழுத்து மூடுகிறதா, குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் குமிழ் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்பதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சோக்கை இழுத்தால் திராட்டிலும் கொஞ்சம் திறக்கும் என்பதால், டிசம்பர் காலையில் இழுத்துவிட்டு மறந்தவர்களுக்கும் இதே தொல்லைதான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங் அதிகமாக அட்வான்ஸ் ஆகி, பொறி சீக்கிரமே விழுந்தாலும் ரேஸ் ஏறும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் அது ஏர் லீக்தான். எஞ்சின் சத்தத்தைக் கவனியுங்கள். மூன்று சிலிண்டரும் சீராக, ஆனால் வேகமாக ஓடினால் ஓட்டை கார்புரேட்டருக்குப் பக்கத்தில், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கலாம். ஒன்று மட்டும் தடுக்கித் தடுக்கி ஓடினால் அந்த சிலிண்டரோடு மேனிஃபோல்டு சேரும் இணைப்பை அடைக்கும் பேக்கிங்கைச் சந்தேகிக்கலாம்.

அண்ணன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயை ஒரு தடித்த ரப்பர் ஷீட்டால் மெல்ல மூடினார். காற்றுக்கு வேறு வழி இல்லை என்றால் எஞ்சின் மூச்சு முட்டி உடனே அணைய வேண்டும். என்னுடையது தள்ளாடிக்கொண்டே சில நொடிகள் ஓடியது. (இதை வெறும் உள்ளங்கையால் செய்யாதீர்கள், பேக்ஃபயர் ஆகி நெருப்பு திரும்பி வந்தால் தோல் போய்விடும்.) அடுத்து வெற்றிடக் குழாய்களைப் பிளையரால் ஒவ்வொன்றாக நசுக்கினார். பிரேக் பூஸ்டர் குழாய்: மாற்றமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் குழாய்: மாற்றமில்லை. மேனிஃபோல்டின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த ஒரு குட்டிக் குழாயை நசுக்கியதும் ரேஸ் சட்டென்று இறங்கியது. விரலால் மடக்கிக் காட்டினார். சூட்டில் காய்ந்து, பழைய ரப்பர் செருப்பு மாதிரி வெடித்திருந்தது.

பேக்கிங் இணைப்புகளில் லீக் தேட சிலர் ஓடும் எஞ்சின்மேல் பெட்ரோலைத் தெளிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, பிளக் வயர்களில் படாமல், இணைப்புகளில் மட்டும் அடியுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும்போது எஞ்சின் சத்தம் மாறும்.

ஜே.சி. ரோட்டிலிருந்து அரை அடிக் குழாய் வாங்கி வந்து மாட்டினோம். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் அணைந்துவிட்டது. நான் பதறினேன், அண்ணன் சிரித்தார். திருட்டுக் காற்று நின்றுவிட்டது. நேர்வழிக் காற்றுக்கோ முன்பு தளர்த்திய ஸ்க்ரூ இடமே விடவில்லை. அதை லிவரில் படும்வரை திருகி, மேலும் ஒன்றரைச் சுற்று உள்ளே விட்டார். டேக்கோமீட்டர் முள் 850க்கு வந்து நின்றது.