ஸ்பிளைசிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஸ்பிளைசிங் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "வெட்டி ஒட்டுறது, சேர்" என்று உடனே பதில் வரும். முழுப் பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கணினியில் ஒரு வரியை வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டுவதுதான் அவர்கள் மனதில் ஓடுகிறது. கலத்துக்குள் எதுவும் இடம் மாறி ஒட்டுவதில்லை. பரம்பரையலகிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. இழையின் நடுவில் ஒரு துண்டு கழிய, இரு பக்கத்து முனைகளும் ஒன்றாகின்றன.

சொல்லின் பிறப்பிடம் கப்பல் கயிறு. இரண்டு கயிற்று முனைகளைப் புரி பிரித்து, ஒன்றின் புரிகளை மற்றதற்குள் செருகி, முடிச்சே இல்லாமல் ஒரே கயிறாக்குவதை ஒல்லாந்த மொழியில் 'ஸ்பிளிசன்' என்றார்கள். அது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போனது. 1656 முதல் 1796 வரை கொழும்பை ஒல்லாந்தர் ஆண்டபோது கந்தோர், லாச்சி, கக்கூசு எல்லாம் அவர்களிடமிருந்து நேரே நம் வாய்க்கு வந்துவிட்டன. இந்தச் சொல் மட்டும் ஆங்கிலத்தைச் சுற்றி, பாடப்புத்தகத்தின் வழியாக வந்து சேர்ந்தது.

உயிரியலில் இதற்கு வேலை வந்தது 1977இல். ரிச்சர்ட் ரொபேர்ட்ஸும் பிலிப் ஷார்ப்பும் தனித்தனியே அடினோ வைரசை ஆராய்ந்து, பரம்பரையலகு தொடர்ச்சியாக இல்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று கண்டார்கள். 1993இல் நோபல் பரிசு. கழியும் துண்டுக்கு இன்ட்ரோன், நிலைக்கும் துண்டுக்கு எக்சோன் என்று 1978இல் பெயர் வைத்தவர் வோல்ட்டர் கில்பேர்ட்.

சரி, தமிழ்? 'பிணைப்பு' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் நம் இரசாயனப் பாடத்தில் பிணைப்பு ஏற்கெனவே வேறு பொருளுக்குப் போய்விட்டது. நான் சில காலம் 'களைந்திணைத்தல்' என்று சொல்லிக்கொடுத்தேன். வயலில் களை எடுப்பது போல என்று விளக்கவும் சுலபமாக இருந்தது. அதைக் கைவிட வைத்தது எச்.ஐ.வி.

இந்த வைரசின் மரபுச்செய்தி 9,000க்குச் சற்று அதிகமான எழுத்துகள், 9 பரம்பரையலகுகள், அவ்வளவுதான். அது டி.என்.ஏ. ஆக மாறி நம் டி.என்.ஏ.க்குள் புகுந்த பிறகு, ஒரே நீண்ட ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகிறது. அதை வெவ்வேறு இடங்களில் தறிப்பதால் புரதம் செய்யச் செய்தி சொல்லும் தூது ஆர்.என்.ஏ.க்கள் 40க்கும் மேல் கிடைக்கின்றன. தறிக்கும் கருவி வைரசிடம் இல்லை. எல்லாம் நம் கலத்தின் புரதங்கள். எஸ்.ஆர். புரதங்கள் 'இந்த இடத்தில் தறி' என்று காட்டிக்கொடுக்கும். எச்.என்.ஆர்.என்.பி. ஏ1 போன்றவை அந்த இடத்தை மறைத்துத் தடுக்கும்.

வைரசுக்கு இரண்டும் வேண்டும். முழுதாகத் தறித்தால்தான் டாட், ரெவ் என்னும் புரதங்கள் கிடைக்கும். தறிக்காத முழு இழையோ புது வைரசுக்குள் மரபுச்செய்தியாகவே ஏறுகிறது. ஆனால் தறித்து முடியாத ஆர்.என்.ஏ.யை நம் கலம் கருவை விட்டு வெளியே விடாது. அங்கேதான் ரெவ் வருகிறது: அந்த இழையைப் பற்றிக்கொண்டு, கலத்தின் சி.ஆர்.எம்.1 என்ற கடத்துபுரதத்தின் உதவியோடு வெளியே கொண்டுபோகிறது. இந்தச் சமநிலையை மருந்தால் குலைக்கலாமா என்று ஆய்வுகள் நடப்பது இதனால்தான். அப்புறம், ஒரு தூதில் கழிக்கும் துண்டே இன்னொன்றில் உயிர்நாடி என்றால், அதைக் களை என்று எப்படிச் சொல்வது?

அதனால் இப்போது நான் 'தறித்திணைத்தல்' என்கிறேன். மரம் தறிப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தறித்தது குப்பையா, பயன்படுவதா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. வேலையைச் செய்யும் 'ஸ்பிளைசோசோம்' தறித்திணைப்புத் தொகுதி ஆகட்டும். 5 சிறு ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களும் சேர்ந்த பெரிய கூட்டம் அது.

அந்தப் புரதங்களிலேயே பழுது வந்தால்? பி.ஆர்.பி.எஃப்.8 என்ற புரதம் எல்லாக் கலத்திலும் இருக்கிறது. அது மாறினால் சிலருக்கு விழித்திரை மட்டும் மெல்ல மெல்ல அழிகிறது. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில் கதை வேறு: எஸ்.எம்.என்.2 பரம்பரையலகின் 7ஆம் எக்சோன் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அதைத் திரும்பச் சேர்க்க வைக்கும் நுசினெர்சன் மருந்துக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எச்.ஐ.வி.யை விட இதெல்லாம் தூரத்து விஷயம் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது. இலங்கையில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய்க்கு மிகப் பரவலான காரணங்களில் ஒன்று, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை ஆக்கும் பீட்டா குளோபின் பரம்பரையலகின் முதல் இன்ட்ரோனில் 5ஆம் எழுத்து ஜி இருக்கவேண்டிய இடத்தில் சி இருப்பது. இங்கே தறிக்கும் புரதங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அவை பார்த்துத் தறிக்கவேண்டிய அடையாளம் மங்கிவிட்டது. பெரும்பாலும் பக்கத்தில் வேறெங்கோ தறிக்கின்றன, சரியான ஹீமோகுளோபின் குறைந்துபோகிறது. பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றக் கூட்டிவரும் தாய் 'என்ன பிழை?' என்று கேட்டால், "தறிக்கிற இடம் மாறிப்போச்சு, அம்மா" என்று சொல்லலாம்.