பேனாவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கை

முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து வீட்டிலேயே ஒரு பென் ப்ளாட்டர் (பேனாவைப் பிடித்துத் தாளில் வரையும் எந்திரம்) செய்யலாம் என்றதும், பிளாஸ்டிக்கில் அவ்வளவு துல்லியம் எங்கிருந்து வரும் என்று சந்தேகம் எழும். நியாயமான சந்தேகம்தான்.

மோட்டாரைப் பாருங்கள். படிப்படியாகச் சுழலும் வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாக எடுத்து வைக்கும். மோட்டாரை இயக்கும் டிரைவர் சில்லு ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்தால் சுற்றுக்கு 3,200. தண்டில் 20 பல் உள்ள உலோகச் சக்கரம், அதில் 2 மி.மீ. இடைவெளியில் பல் வெட்டிய பெல்ட். ஆக, ஒரு சுற்றுக்குப் பேனா 40 மி.மீ. நகரும். வகுத்தால் மி.மீட்டருக்கு 80 நுண்படிகள். 0.3 மி.மீ. தடிமனுள்ள கோட்டின் அகலத்துக்குள்ளேயே 24 நுண்படிகள் அடங்கிவிடும்! அச்சிட்ட துண்டு எதுவும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. மோட்டாரையும், பேனா சறுக்கி ஓடும் எஃகுக் கம்பிகளையும் அசையாமல் தாங்குவதுதான் அவற்றின் வேலை.

சரி, இடவலம் ஒரு மோட்டார், முன்பின் ஒரு மோட்டார் என்றால் சாய்கோடு எப்படி வரும்? வலப்பக்கம் 80 படி, முன்னே 30 படி போக வேண்டும் என்று வையுங்கள். வலப்பக்கம் ஒரு படி வைக்கும்போதெல்லாம் கணக்கில் 30 வரவு. வரவு 80ஐத் தொட்டாலோ தாண்டினாலோ முன்னே ஒரு படி வைத்து, 80ஐக் கழித்துவிட வேண்டும். கூட்டலும் கழித்தலும் மட்டுமே! ஐபிஎம்மில் இருந்த ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் ஒரு ப்ளாட்டருக்காகவே இந்த வழியைக் கண்டுபிடித்தார். இன்று ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடி மோட்டார்களை நகர்த்தும் ஜிஆர்பிஎல் மென்பொருளும் இதே முறையில்தான் படிகளைப் பங்கிடுகிறது.

வளைவுகளா? அவற்றைப் பொடிப்பொடி நேர்கோடுகளாக உடைத்துவிடுவார்கள்.

அச்சிட்ட பாகங்களில் அதிகக் கவனம் கேட்பது பேனா பிடிப்பான். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறிய சர்வோ மோட்டார் பேனாவைத் தூக்கினால் போதும், அழுத்தக் கூடாது. தாள் எங்குமே ஒரே மட்டத்தில் இருக்காது. சர்வோ அழுத்தினால் மேட்டில் முனை நசுங்கும், பள்ளத்தில் கோடு விட்டுப்போகும். பேனா தன் எடையாலேயே இறங்கித் தாளில் உட்கார்ந்தால் மேடுபள்ளத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அதற்காகப் பிடிப்பான் மேலும்கீழும் தாராளமாக வழுக்க வேண்டும்; பக்கவாட்டில் துளியும் ஆடக் கூடாது. சோதிக்க 1 செ.மீ. வட்டம் ஒன்று வரையச் சொல்லுங்கள். தொடக்கமும் முடிவும் சேராவிட்டால் பிடிப்பான் ஆடுகிறது, அல்லது பெல்ட் தொய்ந்திருக்கிறது.

எழுத வைக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். கணினி எழுத்துருக்களில் இருப்பது எழுத்தின் வெளிவரம்பு. அப்படியே கொடுத்தால் ‘அ’ உள்ளே வெறுமையாக, இரட்டைக் கோட்டில் வரும். கை எழுதுவதுபோல் எழுத்தின் நடுவே ஒற்றைக் கோடு வேண்டும். அப்படிக் கொடுத்தால் ‘அ’ ஒரே இழுப்பில் முடிந்துவிடும். ‘ஃ’ எழுதும்போது பேனா மூன்று முறை இறங்கி ஏறும்.