டிஏபி சாக்கில் வந்த மண்

போன வைகாசியில் ஒரு மக்காச்சோள விவசாயி எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு மண் கொண்டுவந்தார். பழைய டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரச் சாக்கைக் கத்தரித்து அதில் அரைக்கிலோ மண்ணை முடிந்து வைத்திருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் சாக்கின் தையலில் நாலைந்து உர மணிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "இதைச் சோதிச்சா உங்க காடு எப்படியிருக்குன்னு தெரியாதுங்க ஐயா, சாக்கு எப்படியிருக்குன்னுதான் தெரியும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மறுவாரம் துணிப்பையில் கொண்டுவந்தார்.

அவர் பிரச்சினை இது: போன பட்டத்துப் பயிரின் படத்தை ஃபோனில் காட்டினார். இளம் இலைகளில் நடுநரம்பின் இருபக்கமும் வெளிறிய பட்டை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) பத்தவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போடுகிறவர், இந்த முறை இரண்டாகப் போடலாமா என்று கேட்டார்.

மணிச்சத்து குறைந்தால் அது முதலில் கீழ் இலைகளில் தெரியும். கரும்பச்சையாகி ஓரம் ஊதா பாயும். இளம் இலையில் வெள்ளைப் பட்டை என்றால் துத்தநாகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். சோதனை முடிவும் அதையே சொன்னது. எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் மணிச்சத்து குறைவு, 22ஐத் தாண்டினால் அதிகம் என்று வைத்திருக்கிறோம். அவர் மண்ணில் 50க்கும் மேல்! துத்தநாகம் குறைவு. மணிச்சத்து மிதமிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது தடைப்படும். இரண்டாவது மூட்டையும் போட்டிருந்தால் வெளிறல் இன்னும் கூடியிருக்கும்.

அவ்வளவு சத்து எங்கிருந்து வந்தது? கேட்டபோது மெல்லச் சொன்னார், வருஷா வருஷம் இரண்டு லோடு கோழி எருவும் கொட்டுகிறார். நாமக்கல் பக்கம் கோழி எரு எளிதாகக் கிடைக்கிறது. நல்ல எருதான். ஆனால் அதிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பங்கு காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும், மணிச்சத்து போகாது. அங்கேயே உட்கார்ந்து வருஷத்துக்கு வருஷம் சேரும்.

50 கிலோ டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து. அந்த 23இல் போட்ட பட்டத்திலேயே பயிருக்குப் போவது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சத்தை மண் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவர் மண் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்த மண். ஒரு சிட்டிகை எடுத்து நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. அந்தச் சுண்ணாம்பு மணிச்சத்தைக் கட்டிப்போடும். நீலகிரித் தேயிலைத் தோட்டத்துப் புளிப்பு மண்ணில் அதே வேலையை இரும்பும் அலுமினியமும் செய்யும். கார அமில நிலை (pH) 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் பிடி கொஞ்சம் தளரும். குதிரில் நெல் இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது.

பூட்டைத் திறப்பதும் இறுக்குவதும் நாம் செய்யும் விவசாயம்தான். இதற்கு நெல் வயலைவிட நல்ல உதாரணம் கிடையாது. தண்ணீர் கட்டியதும் மண்ணில் காற்று குறைகிறது, இரும்பு உருமாறிக் கரைகிறது, அது பிடித்து வைத்திருந்த மணிச்சத்தும் வெளியே வருகிறது. அதனால்தான் சேற்று நெல் கொஞ்சம் உரத்திலும் சமாளித்துவிடும். அறுவடையை ஒட்டி அதே வயலில் உளுந்து தெளிக்கும்போது கதை மாறுகிறது. மண் காயக் காய இரும்பு பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி பிடித்துக்கொள்ளும். டெல்டாவில் நெல் தரிசு உளுந்துக்கு 2 சதவீத டிஏபி கரைசலை இலைவழியாகக் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 4 கிலோவை ராத்திரியே ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து இன்னொரு தடவை. மண்ணோடு மல்லுக்கட்டாமல் நேரே இலைக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று, மணிச்சத்து மண்ணில் நகராது. யூரியாவைப் போல ஓடிப்போய் வேரைத் தேடாது, வேர்தான் அதனிடம் வர வேண்டும். வீசித் தெளித்தால் ஒவ்வொரு மணியும் எல்லாப் பக்கமும் மண்ணில் பட்டுச் சீக்கிரம் கட்டுப்பட்டுவிடும். விதைக்குப் பக்கவாட்டில், சற்று கீழே, இரண்டு அங்குலம் தள்ளிச் சாலில் விழ வேண்டும். முப்பதாம் நாள் மேலுரமாக டிஏபி தூவுவது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். மேலேயே கிடக்கும், அடுத்த பெருமழையில் மேல்மண்ணோடு குளத்துக்குப் போகும், அங்கே பாசிக்குத் தீனி.

தொழு உரம் மக்கும்போது வரும் அமிலங்கள் பிடியைத் தளர்த்தும். மானாவாரியில் எக்டேருக்கு 750 கிலோ தொழு உரத்தோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, மூடி, நிழலில் ஒரு மாதம் வைத்துப் போடுவது பழைய பரிந்துரை, இன்றைக்கும் அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. பாஸ்போபாக்டீரியாவும் உதவும், ஆனால் அது சத்தைப் புதிதாக உண்டாக்காது, இருப்பதைக் கரைத்துத்தான் தரும். வெயிலில் கிடந்த பாக்கெட் என்றால் அதுவும் செய்யாது.

சரி, மக்காச்சோளக்காரருக்கு வருவோம். டிஏபி வேண்டாம், தழைச்சத்துக்கு யூரியா போதும், அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள், கோழி எருவை இந்த வருஷம் நிறுத்துங்கள் என்றேன். முகம் போன போக்கிலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. இருபது வருஷப் பழக்கம். "முழுக்க விட வேண்டாம். நாலு சாலுக்கு மட்டும் டிஏபி போடாமல் ஒரு குச்சி நட்டு வையுங்க" என்று இறங்கி வந்தேன். துத்தநாகம் மட்டும் எல்லாச் சாலுக்கும்.

ஆடியில் விதைத்தார். கதிர் முற்றும் நேரத்தில் கூப்பிட்டுக் காட்டினார். வெளிறல் எங்கும் இல்லை. குச்சியை மாடு முட்டிச் சாய்த்திருந்தது, எந்த நாலு சால் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.