சோலார் பேனலுக்கு உப்புத் தண்ணீர் வேண்டாம்

மாடியில் சோலார் போட்டவர்களிடமிருந்து மார்ச், ஏப்ரலில் வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "வெயில் இப்படிக் கொளுத்துது, யூனிட் மட்டும் ஏற மாட்டேங்குது. வாரா வாரம் கழுவத்தான் செய்யறோம்." போய்ப் பார்த்தால் பேனலில் தூசி இருக்காது. கண்ணாடி முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளைப் படலம் இருக்கும். துணியால் துடைத்தால் போகாது, நகத்தால் சுரண்டினால் கொஞ்சம் பொடி உதிரும். கழுவிய போர்வெல் தண்ணீர் விட்டுப்போன உப்பு அது.

கோவையில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணியோ பில்லூரோ வருவது நல்ல தண்ணீர், அது குடிக்கவும் சமைக்கவும். மாடித் தொட்டிக்கு ஏறுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பேனல் கழுவ ஹோஸ் மாட்டுவது அந்தத் தொட்டிக் குழாயில்தான், ஏனென்றால் மாடியில் இருப்பது அது ஒன்றுதான். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கெய்சரின் காயிலில் படிவதும் இதேதான்.

மதியத்தில் கழுவினால் இன்னும் மோசம். உச்சி வெயிலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஊற்றிய தண்ணீர் வழிந்து இறங்கும் முன்பே ஆவியாகிவிடும், உப்பு மொத்தமும் அங்கேயே நிற்கும். ஆனாலும் பலர் மதியத்தில்தான் ஊற்றுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: சூடு குறைந்தால் பேனல் கூடுதலாக மின்சாரம் தரும், ஊற்றியவுடன், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் வாட்ஸ் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் பேனல் மறுபடி சூடாகிவிடும், படிந்த உப்பு மட்டும் போகாது. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டு விரிசல் விடும் அபாயமும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சேர்த்து வைத்துப் பேனல் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள், பேனல் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

வெள்ளைக் கறை படிந்த பிறகு சிலர் பாத்ரூம் ஆசிட்டை எடுக்கிறார்கள், சிலர் ஸ்டீல் நாரை எடுக்கிறார்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். பேனல் கண்ணாடியின் மேல் வெளிச்சம் திரும்பிப் போகாமல் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. ஆசிட்டும் கீறலும் அதை அழித்துவிடும், அலுமினிய பிரேமையும் ஆசிட் அரிக்கும். அப்புறம் கம்பெனியிடம் வாரண்டி கேட்டுப் போனாலும் பேச்சு எடுபடாது. துணி சோப்புத் தூளும் தேவையில்லை, சரியாக அலசாவிட்டால் அதன் பிசுக்கில் தூசி இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

சரி, எப்படிக் கழுவுவது? விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது. நல்ல தண்ணீர், அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். மூன்று கிலோவாட் அமைப்புக்குச் சில வாளிகள் போதும். முதலில் தண்ணீர் விட்டு மண்ணை ஊற விடுங்கள், பிறகு நீளக் கம்பு போட்ட மென்மையான மாப்பால் துடைத்து, ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லாத வீடுகளிலும் இந்தக் கடைசி இழுப்பைச் செய்தால் பாதிப்பு வெகுவாகக் குறையும், ஏனென்றால் காய்வதற்குத் தண்ணீரே மிஞ்சாது. பேனலின் கீழ் விளிம்பைத் தனியாகப் பாருங்கள். நம் ஊரில் சாய்வு குறைவாக வைப்பதால் பிரேம் ஓரத்தில் தண்ணீர் தேங்கி, ஒரு விரல் அகலத்துக்குச் சேறு காய்ந்து நிற்கும். மழை கழுவாத இடம் அது.

மழை கழுவாத இன்னொன்று பறவை எச்சம். கைப்பிடி அளவுதானே என்று விடக் கூடாது. பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சின்னச் சின்னத் தகடுகளான செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், மறைக்கப்பட்ட ஒரு செல் மற்றவை தரும் மின்சாரத்தைத் தான் வாங்கிச் சூடாகும். அதைக் காக்க, அந்தப் பகுதியைத் தவிர்த்து மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிடும் டயோடுகள் இருக்கின்றன. ஆனால் டயோடு வேலை செய்யும்போது பேனலின் மூன்றில் ஒரு பகுதிவரை உற்பத்தி இல்லாமல் போகலாம். எச்சம் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த இடம் பழுப்பேறிக் கருகிப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். நாள் கணக்கைவிட, போனில் இன்வெர்ட்டர் ஆப் காட்டும் யூனிட் கணக்கே நல்லது. நம் பகுதியில் ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் வரும். தெளிந்த வானம் உள்ள நாட்களிலும் அது படிப்படியாக இறங்கினால் கழுவுங்கள். திடீரென்று பாதியானால் அழுக்கு காரணமாக இருக்காது. பக்கத்து வீட்டில் புது மாடி எழும்பியிருக்கலாம், லைன் வோல்டேஜ் கூடி இன்வெர்ட்டர் தானாக நின்றிருக்கலாம். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

பேனல்மீது ஏறி நிற்காதீர்கள். கண்ணாடி தாங்கும், உள்ளே செல்லில் மயிரிழை விரிசல் விழும், வெளியே தெரியாது. கண்ணாடி உடைந்திருந்தாலோ ஒயர் உரிந்திருந்தாலோ ஈரக் கையோடு நெருங்கவே வேண்டாம். இன்வெர்ட்டரை அணைத்தாலும் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் ஒயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி மின்சாரம் இருக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது உயரம்தான். மாடியில் துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டு, பத்து அடி உயரத்தில் ஸ்ட்ரக்சர் அமைத்துவிடுகிறோம். கழுவ வேண்டுமென்றால் ஈரமான இரும்புக் குழாயில் கால் வைத்து, மாடி விளிம்பில் தொங்குகிற மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது. வேலைக்கு ஆள் வைத்தாலும் சேப்டி பெல்ட் இல்லாமல் ஏற்றாதீர்கள். புதிதாகப் போடுகிறவர்கள் கொட்டேஷன் வாங்கும்போதே பேனல் வரிசைகளுக்கு இடையே நடைபாதை, ஏணி, கைப்பிடி, நல்ல தண்ணீருக்கு மேலேயே ஒரு குழாய், இவ்வளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் சேர்க்க வேண்டுமென்றால் பேனலைக் கழற்றித்தான் வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும்.