பெரும்பாக்கத்தில் வீடு, காசிமேட்டில் பிழைப்பு

போன வாரமும் அதேதான் நடந்தது. கூவம் கரை போன்ற இடங்களிலிருந்து அப்புறப்படுத்தியவர்களுக்கு அரசு மாற்று வீடு கொடுத்த பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வீடாகப் பயணக் கணக்கெடுப்பு எடுத்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. கூட வந்த தம்பி படிவத்தில் 'காலி வீடு' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போனான். ஜன்னல் கம்பியில் ஒரு பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. காலி வீட்டிலிருந்து யார் பள்ளிக்கூடம் போகிறார்கள்?

பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னார். "மீன்காரக்கா வீடு சார். வாரத்துல நாலு ராத்திரி சிந்தாதிரிப்பேட்டையிலயே கடை வாசல்ல படுத்துக்கும். பையன் நம்ம வீட்லதான் சாப்பிடுவான்."

போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். இப்படிப் பூட்டிய கதவுகளை எண்ணுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. இதை வெளியே சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "வீடு கொடுத்தாலும் இருக்க மாட்டாங்க. பழகின இடத்துக்கே ஓடிடுவாங்க." சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே சூடுபிடித்துவிடும். கூவம் கரையில் இருந்தபோது நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு ஆட்டோ பிடித்தால் போதும். மீனை எடுத்து, ஐஸ் போட்டு, விடிவதற்குள் சிந்தாதிரிப்பேட்டைக்குத் திரும்பி உட்கார்ந்துவிடலாம். பெரும்பாக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டையே கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். காசிமேடு அதற்கும் அப்பால். அர்த்த ராத்திரியில் பஸ்ஸை நம்பிக் கிளம்ப முடியாது. குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் இடம் பிடித்துப் போகலாம், ஆனால் அன்றைய லாபத்தில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடும். அதனால் அந்த அக்கா கடை வாசலில் படுக்கிறார். வீடு பிடிக்காமல் இல்லை. ஒழுகாத கூரையும் தனிக் கழிப்பறையும் யாருக்குப் பிடிக்காது?

"பெண்களுக்கு பஸ்தான் இலவசம் ஆச்சே?" 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் இலவசம்தான். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். எத்தனையோ வீட்டுவேலைக்காரப் பெண்களுக்கு அதனால்தான் மாசம் ஓடுகிறது. ஆனால் பஸ்ஸே ஓடாத நேரத்தில் டிக்கெட் எவ்வளவாக இருந்தால் என்ன? வருகிற பஸ்ஸிலும் மீன் கூடையோடு ஏறிப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் முகம் போகிற போக்கை.

"அப்போ பக்கத்துலயே ஓ.எம்.ஆர். ரோடு ஐ.டி. கம்பெனிங்க இருக்கே, அங்க வேலை பார்க்கலாமே?" இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். அந்த அக்காவுக்கு ஏலத்தில் கையில் காசில்லாமல் மீன் தருகிறார்கள், சாயங்காலம் கொடுத்தால் போதும். ஏன்? இருபது வருஷமாக முகம் தெரியும். எந்தத் தெருவில் யார் வஞ்சிரம் கேட்பார், யார் நெத்திலிக்கு மேல் போகமாட்டார் என்பது அவருக்கு மனப்பாடம். அவருடைய வியாபார மூலதனம் அவ்வளவுதான். அதை மூட்டை கட்டி லாரியில் ஏற்றி 25 கிலோமீட்டர் தள்ளி இறக்க முடியாது. ஐ.டி. கட்டடத்தில் காண்ட்ராக்டில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைக்கலாம். அதற்கும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று மாற்றுக் குடியிருப்பு முகவரி பார்த்ததுமே விண்ணப்பத்தை ஓரமாக வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மெட்ரோ வரும் என்பார்கள். வரட்டும். 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடம் பெரும்பாக்கத்தைத் தொட்டுத்தான் போகிறது. கடைக்குப் போகும் பெண்கள், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் பெரிய உதவி. இப்போது ஓடுகிற மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் தொடங்குகிறது. ஏலமோ அதற்கு ரொம்ப முன்னாலேயே சூடுபிடித்துவிடும்.

சரி, மாற்றுக் குடியிருப்புக்குப் போக இருக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். சம்மதம் எழுதிக்கொடுப்பதற்கு முன், நீங்கள் வேலைக்குக் கிளம்பும் அதே நேரத்தில் அங்கிருந்து ஒரு நாள் கிளம்பிப் பாருங்கள். மத்தியானம் வேனில் கூட்டிப்போய்க் காட்டுவதை நம்பி முடிவு செய்யாதீர்கள். தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள் வியாபாரி அடையாள அட்டையைத் தயவுசெய்து வாங்கிவையுங்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தருகிற வரைக்கும் உங்களைக் கிளப்பக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். வருஷ நடுவில் பள்ளி மாற நேர்ந்தால் டி.சி. தர இழுத்தடிக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. அப்புறம், 'மெட்ரோ வருது, நல்ல விலை' என்று சுற்றும் புரோக்கரிடம் ஒதுக்கீட்டு ஆணையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். எத்தனை தடவை சொல்வது! பஸ் வேண்டும் என்று மனு எழுதினால் 'பஸ் வசதி தேவை' என்று மொட்டையாக எழுதாமல், எத்தனை மணிக்கு, எங்கே, எத்தனை பேர் என்று எழுதுங்கள். எங்களைப் போன்றவர்கள் வாதாட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

வீட்டில் ஆள் வைத்திருப்பவர்களே, ஆறு மணிக்கு வரச்சொல்லும் வேலையை ஏழுக்குத் தள்ளிப்போட்டால் ஒன்றும் குடிமுழுகாது. முதல் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரே காரணத்துக்காக வேலை போன பெண்களை எனக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். வாகன எண்ணிக்கை எடுக்கிறபோது பெரும்பாலும் காலை ஆறு மணிக்கு மேல்தான் சாலையில் நாற்காலி போட்டு உட்காருகிறோம். அந்த அக்கா எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

அன்று தம்பியிடமிருந்து படிவத்தை வாங்கி 'காலி வீடு' டிக்கைக் கோடு போட்டு நீக்கினேன். 'வேலைக்குப் புறப்படும் நேரம்' என்ற இடத்தில் நாலு கட்டம், எல்லாமே ஆறு மணிக்கு அப்புறம். வீட்டில் தங்குகிற நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டு, ஓரத்தில் பேனாவால் '1.15, இரவு' என்று எழுதினேன்.