நல்லா ஆடிட்டு இருந்த பிள்ளை திடீர்னு தடுமாறுதா? திட்டாதீங்க, முதல்ல உயரத்தை அளந்து பாருங்க

இருபது வருஷமா டான்ஸ் சொல்லிக் கொடுக்குறேன், நாலு வயசுக் குழந்தையில இருந்து எழுபது தாண்டினவங்க வரைக்கும் என் கிளாஸுக்கு வர்றாங்க. புதுசா டீச் பண்ண வர்றவங்க எல்லாரும் கேக்குற கேள்வி, எந்த வயசுக்காரங்களுக்கு சொல்லிக் கொடுக்குறது ரொம்ப கஷ்டம்னு. சின்னக் குழந்தைங்கன்னு நான் சொல்வேன்னு எதிர்பார்ப்பாங்க. எனக்கு 11ல இருந்து 14 வரைக்கும் உள்ள வயசுதான் கஷ்டம், ஏன்னா அங்கதான் டீச்சருங்க நாம அதிகமா தப்பு பண்றோம், அதுவரைக்கும் ஆசையா ஆடிட்டு இருந்த பிள்ளைங்க ஆட்டத்தையே விட்டுட்டுப் போறதும் அந்த வயசுலதான்.

ஒரு பொண்ணு, ஏழு வயசுல சேர்ந்தா. சுத்துனா ஆடாம அசையாம நிப்பா, ஒத்தக்கால் பேலன்ஸ் அவ்வளவு சுத்தம். 12 வயசு ஆனப்போ அதே சுத்துல தடுமாற ஆரம்பிச்சா, முன்னாடி சுலபமா தூக்குன கால் பாதி உயரம்தான் போச்சு, உக்காந்து குனிஞ்சா கை பாதத்தைத் தொடல. நான் என்ன பண்ணேன், எல்லார் முன்னாடியும் "பிராக்டிஸே பண்றது இல்ல, கவனம் எல்லாம் வேற எங்கயோ இருக்கு"ன்னு சொன்னேன், ஒரு தடவை இல்ல, பல தடவை. மூணு மாசத்துல நின்னுட்டா. அப்புறம் அவ அம்மா சொன்னாங்க, தினமும் கதவை சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பிராக்டிஸ் பண்ணுவா மிஸ், முட்டி வலிக்குதுன்னு ராத்திரி அழுவா, உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்னு. இன்னைக்கும் அதை நினைச்சா மனசு கனக்குது. அதுக்கப்புறம்தான் வளர்ற உடம்பைப் பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், முதல் நாளே படிச்சிருக்கணும்.

விஷயம் இதுதான். பொண்ணுங்களுக்கு சராசரியா 11, 12 வயசுலயும் பசங்களுக்கு 13, 14 வயசுலயும் உடம்பு சடார்னு வளரும், அந்த உச்சத்துல வருஷத்துக்கு 8, 9 செ.மீ. வரைக்கும் கூட போகும். எல்லாருக்கும் ஒரே வயசுல வராது, ஒரே பேட்ச்ல ரெண்டு வருஷம் முன்னப் பின்ன இருக்கும். முதல்ல கையும் பாதமும் வளரும், அப்புறம் கால் நீளும், உடம்பு கடைசியாத்தான் வளரும். எலும்பு நீள்ற வேகத்துக்கு தசையும் தசைநாரும் ஈடு கொடுக்காது, அதனால தொடைப் பின்பக்கம் இறுகிப் போகும், நேத்து வரைக்கும் வந்த ஸ்ட்ரெச் இன்னைக்கு வராது. உடம்போட எடை எந்த இடத்துல நிக்குதுங்கிறதே மாறிடும். மூளை பழைய நீளக் காலுக்குத்தான் கணக்குப் போட்டு வச்சிருக்கு, கால் புதுசு, அப்போ சுத்துனா தடுமாறத்தானே செய்யும்? பிராக்டிஸ் பண்ணலைன்னு நமக்குத் தோணுறது உண்மையில உடம்பு தன்னோட அளவை மறுபடி கத்துக்கிறது. சில மாசத்துல இருந்து ஒண்ணு ஒன்றரை வருஷத்துக்குள்ள பெரும்பாலும் திரும்ப வந்துடும், நடுவுல நாம அவங்க மனசை உடைக்காம இருந்தா போதும்.

வலி வேற. வளர்ற எலும்போட நுனியில வளர்ச்சித் தட்டுன்னு ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கு, அது முத்துன எலும்பை விட மென்மையானது. இறுகிப் போன தசை அந்த இடத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், அது மேல நாம ஐம்பது தடவை குதிக்கச் சொல்வோம். முட்டிக்கு கொஞ்சம் கீழ எலும்பு புடைச்சு வலிச்சா அதுக்கு ஆஸ்குட் ஷ்லாட்டர்னு பேரு, குதிகாலுக்குப் பின்னாடி வலிச்சா சீவர், ரெண்டுமே ஓடிக் குதிக்கிற பிள்ளைங்களுக்கு அடிக்கடி வர்றது, குதிக்கிறதைக் குறைச்சு வலியோட அளவைப் பார்த்துப் பார்த்து ஆட விட்டா தானா சரியாகிற விஷயம்தான். ஆனா நொண்டுற அளவுக்கு வலிச்சாலோ, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்பிவிட்டாலோ, வீங்கினாலோ டாக்டர்கிட்ட காமிச்சே ஆகணும், தைலம் தேய்ச்சு கிளாஸுக்கு அனுப்பாதீங்க. பாலேல விரல் நுனியில நிக்கிற ஷூவை 12 வயசுக்கு முன்னாடி கொடுக்க வேண்டாம்னு டான்ஸ் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பே சொல்லுது, 12 வயசு ஆனாலும் கணுக்காலும் இடுப்பும் பலமா இருக்கான்னு பார்த்துட்டுத்தான்.

இன்னொண்ணு, இதை வெளிப்படையா பேசியே ஆகணும். இந்த வயசுலதான் பொண்ணுங்க உடம்பு மாறுது, இடுப்பு அகலமாகுது, கொஞ்சம் சதை போடுது, அது இயற்கை. "வெயிட் போட்டுட்ட"ன்னு டீச்சர் வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தாப் போதும், அந்தப் பொண்ணு சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பிச்சிடும். ஆட்டத்துக்குத் தேவையான சாப்பாடு உள்ள போகலைன்னா மாதவிடாய் தள்ளிப் போகும், எலும்பு பலவீனமாகும், சின்ன அடிக்கே விரிசல் விடும். வாழ்நாளுக்குத் தேவையான எலும்பு பலத்துல பெரும் பகுதி 18, 20 வயசுக்குள்ள சேர்ந்துடும், அந்த நேரத்துல விட்டதைப் பின்னாடி பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதுக்குன்னே ஒரு பேரு வச்சு எச்சரிக்கை விட்டுச்சு, பசங்களுக்கும் வருதுன்னு சேர்த்தே சொன்னாங்க. ஒழுங்கா வந்துட்டு இருந்த பீரியட்ஸ் மூணு மாசம் வராம இருந்தா டாக்டரைப் பாருங்க, நிறைய ஆடுறா அதனால அப்படித்தான்னு விட்டுடாதீங்க. என் கிளாஸ்ல யாரோட உடம்பைப் பத்தியும் யாரும் பேசக் கூடாது, நானும் சேர்த்துத்தான்.

சின்னக் குழந்தைங்க விஷயத்துக்கு வர்றேன். 3ல இருந்து 6 வயசு வரைக்கும் அரை மணி, மிஞ்சிப் போனா முக்கால் மணி கிளாஸ் போதும். ஒத்தக்கால்ல தத்துறது சுமார் நாலு வயசுலதான் வரும், ஒரு கால் மாத்தி ஒரு கால்னு துள்ளிப் போறது அஞ்சு ஆறு ஆகும், அதுக்கு முன்னாடி வரலைன்னா அந்தக் குழந்தைக்கு டான்ஸ் வராதுன்னு அர்த்தம் இல்ல. வலது இடது குழப்பம் ஏழு வயசு வரைக்குமே சகஜம், எதிர்ல நிக்கிற ஆளோட வலது எதுன்னு புரிய இன்னும் லேட் ஆகும். அதனால நான் குழந்தைங்களைப் பார்த்து நின்னு ஆடும்போது கண்ணாடி மாதிரி மாத்தி ஆடுவேன், அவங்க வலது கைக்கு நான் இடது கை. எல்லாருக்கும் வலது மணிக்கட்டுல ஒரு ரிப்பன் கட்டிவிட்டுட்டா "ரிப்பன் கை மேல"ன்னு சொன்னாலே போதும். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயம்தான் சொல்லணும். "முட்டியை மடக்கு, முதுகை நிமித்து, கையை நீட்டு"ன்னு மூணையும் ஒண்ணா சொன்னா குழந்தை மூணையும் விட்டுட்டு நம்ம முகத்தையே பார்க்கும். "பூனை மாதிரி சத்தமில்லாம குதி"ன்னு சொன்னா முட்டி தானா மடங்கும், மெத்துன்னு இறங்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் யார்கிட்டயும் சமாதானம் ஆக மாட்டேன். குழந்தையை ஸ்ப்ளிட்ல, அதாவது ரெண்டு காலையும் எதிரெதிர் பக்கமா முழுசா நீட்டி, உக்கார வச்சு தோளை அமுக்குறது, முதுகுல ஏறி உக்கார்றது, அழுதாலும் பிடிச்சு வச்சுக்கிறது. அது ட்ரெயினிங் இல்லங்க, அது காயம். பாதத்தை வெளிப்பக்கமா திருப்பி நிக்கிற நிலையும் அப்படித்தான், பரதநாட்டியத்துல முட்டியை மடக்கி நிக்கிற அரைமண்டியோ பாலேவோ, அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டுல இருந்து வரணும், மடக்கும்போது முட்டி பாதம் போற திசையிலேயே போகணும். இடுப்புல வராததை பாதத்தை மட்டும் திருகி வர வச்சா அந்தத் திருகல் முழுக்க முட்டி வாங்கிக்கும், பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரியும். கொஞ்சம் குறைவா திருப்பி நின்னா அழகு குறையும்தான், குறையட்டும்.

7ல இருந்து 10 வரைக்கும் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, சொல்றதைப் பிடிச்சுக்கிற வயசு, அடிப்படையையும் தாளத்தையும் நிதானமா போட்டு வைக்க இதை விட நல்ல நேரம் கிடையாது. போட்டி மேல போட்டி மட்டும் வச்சுடாதீங்க.

பெரியவங்க, அதாவது முப்பது நாற்பதுல முதல் தடவையா ஆட வர்றவங்க, அவங்களுக்கு ஸ்டெப்பை விட வெக்கம்தான் பெரிய பிரச்சினை. சின்ன வயசுல ஆசைப்பட்டு கிடைக்காம இப்போ தைரியத்தைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பாங்க, முதல் நாளே முன் வரிசையில நிறுத்தி தனியா ஆடிக் காட்டச் சொன்னா அடுத்த வாரம் வர மாட்டாங்க. குழந்தைங்க பார்த்து அப்படியே பிடிச்சுக்கும், பெரியவங்களுக்கு ஏன்னு தெரியணும், எடை எந்தக் கால்ல இருக்கு, எந்தக் கவுண்ட்ல மாறுதுன்னு சொல்லிட்டா அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க. நான் முதல்ல காலை மட்டும் சொல்லிக் கொடுப்பேன், அது யோசிக்காம வர ஆரம்பிச்ச பிறகுதான் கை. வீட்டுல ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் ஒரேயடியா பண்றதை விட தினமும் பத்து நிமிஷம் பண்ணச் சொல்வேன், கத்துக்கிட்ட அசைவு தூக்கத்துலதான் மனசுல படியும், அதனால நடுவுல ராத்திரிகள் வேணும். முதல் ரெண்டு மூணு நாள் தசை வலிக்கும், அது பரவாயில்ல. மூட்டுல சுருக்குன்னு குத்துற வலி வந்தா நிறுத்தச் சொல்லுங்க.

அறுபது தாண்டினவங்க கிளாஸ்ல நான் ஆரம்பத்துல பண்ண தப்பு, வயசானவங்கன்னு எல்லாத்தையும் ரொம்ப மெதுவா வச்சது. மெதுவா அடி எடுத்து வச்சா ஒத்தக்கால்ல நிக்கிற நேரம் கூடும், அது வேகமா வைக்கிறதை விட கஷ்டம்! நடக்குற வேகத்துல இருக்குற பாட்டுதான் அவங்களுக்கு சுலபம். எல்லார் கைக்கும் எட்டுற தூரத்துல ஒரு கனமான நாற்காலி இருக்கணும். சுத்துற ஸ்டெப்பைக் கால்வாசி கால்வாசி சுத்தா உடைச்சுக் கொடுக்கணும், தரையில இருந்து சட்டுனு எழுந்திருக்க விடக் கூடாது, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு தலை சுத்திடும். காது கொஞ்சம் மந்தமாகியிருக்கும், முதுகைக் காட்டிக்கிட்டு கவுண்ட் சொல்லாதீங்க, முகம் பார்த்து சொல்லுங்க. "இந்த வயசுல எதுக்கு"ன்னு வீட்டுல சொல்றாங்கன்னு வருத்தப்படுறவங்ககிட்ட நான் ஒரு ஆய்வைச் சொல்வேன், 2003ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்தது, 75 வயசு தாண்டின 469 பேரை வருஷக்கணக்கா கவனிச்சாங்க, உடம்பை அசைச்சுப் பண்ற பொழுதுபோக்குல மறதி நோய் வர்ற வாய்ப்பு குறைவா இருந்தது டான்ஸ் ஆடினவங்களுக்கு மட்டும்தான். ஆடுனா மறதி வரவே வராதுன்னு அது சொல்லல, ஆனா ஸ்டெப்பை ஞாபகம் வச்சு, பாட்டைக் கேட்டு, பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்து ஆடுறது மூளைக்கு சும்மா வேலை இல்ல.

எந்த வயசா இருந்தாலும் தொட்டுத் திருத்துறதுக்கு முன்னாடி கேளுங்க. "தோளைத் தொட்டுக் காமிக்கலாமா"ன்னு அஞ்சு வயசுக் குழந்தைகிட்டயும் கேக்குறேன், வேண்டாம்னா என் தோள்லயே காமிப்பேன்.

இப்போ என் கிளாஸ் சுவத்துல ஒரு அளவுக்கோல் ஒட்டியிருக்கேன். 9 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களை மூணு மாசத்துக்கு ஒரு தடவை நிக்க வச்சு உயரத்தை என் நோட்டுல குறிச்சுக்குவேன், எடை பார்க்கவே மாட்டேன். மூணு மாசத்துல 2 செ.மீ.க்கு மேல கூடியிருந்தா அந்தப் பிள்ளைக்கு குதிக்கிறதைப் பாதியாக் குறைச்சுடுவேன், ஸ்ட்ரெச்சை மென்மையாக்கிடுவேன், அம்மா அப்பாவைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்ச நாளைக்கு தடுமாறுவாங்க, வீட்டுல ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சொல்லிடுவேன், முக்கியமா அந்தப் பிள்ளைகிட்டயே சொல்லிடுவேன். போன மாசம் ஒரு பையன், 3 செ.மீ. வளர்ந்திருந்தான், ரெண்டு வாரமா சுத்துல விழுந்துக்கிட்டே இருந்து முகமே வாடிப் போச்சு. நோட்டைக் காமிச்சு உன் கால் புதுசுப்பா, மூளைக்கு இன்னும் தகவல் போகலன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துட்டு "அப்போ நான் மறக்கலையா மிஸ்?"னு கேட்டான். இல்லடா கண்ணு, நீ எதையும் மறக்கல.