வேலை பார்த்துக்கொண்டே மறுபடியும் கேட் (CAT) எழுதுகிறீர்களா? முதல் பக்கத்துக்குப் போகாதீர்கள்

ஜனவரி பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், இந்தத் தடவையும் வரலைங்க. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுட்டனுங்க." கூப்பிடுபவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருப்பவர்கள். திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், சரவணம்பட்டியில் ஐடி, பல்லடம் பக்கம் மில்லில் ஷிப்ட் இன்ஜினியர். கோவை பீளமேட்டில் பத்து வருடத்துக்கும் மேலாக, ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்பிஏ சேர எழுதும் இந்தக் கேட் தேர்வுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன், அந்த "மொதல்ல இருந்து" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கவலையாகிவிடும்.

ஏனென்றால் முதல் பக்கத்தில் இருப்பது சதவீதம், சராசரி, லாப நட்டம். அதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைப் போடும்போது மனசுக்கு இதமாக இருக்கும், படிக்கிறோம் என்ற திருப்தியும் வரும், ஆனால் போன தடவை எங்கே மதிப்பெண் போனதோ அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஷிப்மெண்ட் நெருக்கடி வந்துவிடும், அப்புறம் நவம்பரும் வந்துவிடும்.

தேர்வு முடிந்த சில நாட்களில் நீங்கள் குறித்த விடைகளும் சரியான விடைக்குறிப்பும் தேர்வுத் தளத்தில் வருகின்றன அல்லவா, அதை இறக்கி வைத்திருக்கிறீர்களா? மறுமுறை எழுதுபவருக்கு அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. திருப்பூர் தம்பி ஒருவரை உட்கார வைத்து அதைப் பார்த்தோம். கணக்குப் பகுதியில் 22 கேள்வி, அவர் தொட்டது 19. ஒன்பது சரி, பத்து தவறு. சரியான விடைக்கு 3, தவறான விடைக்கு 1 குறையும். ஆக 27-இல் 10 போய் 17. அந்தப் பத்தில் ஏழு, கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரத்தில் அடித்தவை. அடுத்த வருடம் அவர் தொட்டது 12 தான். பத்து சரி, இரண்டு தவறு, மதிப்பெண் 28. அந்த வருடம் முழுக்க அவர் புதிதாகப் படித்தது லாகரிதமும் வடிவியலும் மட்டும்.

ஊகித்து அடிப்பது பற்றி ஒரு சின்னக் கணக்கு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அடித்தால், நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால்தான் அடிப்பதில் அர்த்தம். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் தவறுக்குக் குறைப்பு இல்லை, அவற்றைக் காலியாக விடக் கூடாது.

சரி, நேரத்துக்கு வருவோம். இரவு பத்து மணிக்குப் படிக்கிறேன் என்று சொல்பவர்களை நான் விடுவதே இல்லை. மெர்ச்சண்டைசருக்கு ஐரோப்பிய பையர் ஆபீஸ் திறப்பதே நம் மத்தியானத்துக்கு மேல்தான், அதனால் மெயிலும் சாம்பிள் சண்டையும் சாயங்காலத்தில்தான் சூடு பிடிக்கும். ஐடிக்காரர்களுக்கு அமெரிக்கா கால். ஆக மாலை என்பது உங்கள் கையில் இல்லை. காலை ஐந்திலிருந்து ஆறே முக்கால் வரை யாரும் கூப்பிட மாட்டார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரே ஒரு ஆங்கிலக் கட்டுரை படித்தால் போதும். ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16 பத்திகளைப் படித்து விடை சொல்வதுதான், தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள், தினமும் அரை மணி நேரம் வாசித்தால் ஆறேழு மாதத்தில் அந்தப் பயம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் மில்காரர்களுக்கு மட்டும் தினக்கணக்கு ஒத்துவராது. அவர்கள் வாரத்துக்கு இத்தனை மணி என்று வைத்துக்கொள்ளட்டும்.

மாதிரித் தேர்வை ஞாயிறு காலை எட்டரைக்கு எழுதுங்கள். உண்மைத் தேர்வு காலை எட்டரை, மதியம் பன்னிரண்டரை, மாலை நாலரை என்று மூன்று வேளைகளில் நடக்கிறது. எந்த வேளை என்று ஹால் டிக்கெட் வந்ததும் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அதே வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பகுதிக்கு 40 நிமிடம், ஒன்றில் மிச்சமானதை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டிலும் அப்படியே எழுதிப் பழகணும். எழுத இரண்டு மணி நேரம் என்றால் அலச மூன்று மணி நேரம், ஒரே மூச்சில் முடியாவிட்டால் புதன்கிழமைக்குள் முடியுங்கள். அலசாமல் அடுத்த தேர்வுக்குப் போகவே வேண்டாம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. கேட் பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறு. தீபாவளி அதற்குச் சில வாரம் முன்னால் வரும். போனஸ் வாங்கிக்கொண்டு தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் திருப்பூர் கம்பெனிகள் முழுசாக ஓட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்தில் உங்களால் படிக்க முடியாது, அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பிந்தின வாரத்தை உறவினர் வீட்டு விருந்துகளுக்குக் கொடுத்துவிடாமல் காப்பாற்றுங்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று ஆகஸ்ட்டில் கேட்பார்கள். வேண்டாங்க. பல ஐஐஎம்கள் வேலை அனுபவத்துக்குத் தனியாக மதிப்பெண் வைத்திருக்கின்றன, நேர்முகத்தில் பேச உங்களிடம் இருப்பதும் அந்த வேலைதான். விட்டுவிட்டு வந்தவர்கள் கையில் நேரம் நிறைய இருந்தது, ஆனால் வரலைன்னா என்ன செய்வது என்ற பயம் அந்த நேரத்தைத் தின்றதைத்தான் நான் கண்டேன். தேர்வை ஒட்டி இரண்டு நாள் லீவை மட்டும் செப்டம்பரிலேயே சொல்லி வாங்கி வையுங்கள்.

"இன்னும் எத்தனை வருசம் எழுதுவே கண்ணு?" என்று வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. கேட்டுக்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை, அதனால் அந்த எல்லையை நீங்கள்தான் வைக்கணும். நான் மூன்றோடு நிறுத்தச் சொல்வேன். நாலு வருட அனுபவம் சேர்ந்தவர்களுக்கு அகமதாபாத் ஐஐஎம் நடத்துவது போன்ற ஒரு வருடப் படிப்புகள் இருக்கின்றன, அங்கே கேட்டுக்குப் பதிலாக ஜிமேட் (GMAT) என்ற தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கிறார்கள். அந்த மதிப்பெண் 5 வருடம் செல்லும், தேதியையும் ஷிப்மெண்ட் இல்லாத மாதமாகப் பார்த்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.